புளிப்பில் இறங்கிய வெள்ளி

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்திலிருந்து அவ்வப்போது போன் வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஜெனிபர்தான் பேசுவாள். தூத்துக்குடி துறைமுகச் சாலையில், உணவுப் பொருள்களைப் பொதியும் பிலிம் தயாரிக்கிற கம்பெனியில், தரப் பரிசோதனைக்குப் பொறுப்பாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் பழைய சாம்பிள் அலமாரியை ஒதுங்க வைத்தார்களாம். வெள்ளித் துகள் கலந்த பிலிம் ஒன்று அடியில் கிடந்திருக்கிறது.

"இத்தனை வருஷமாகியும் அதுல ஒரு பூஞ்சைப் புள்ளி கூட இல்ல மேடம். இவ்வளவு நல்ல பிலிமை ஏன் நிறுத்தினீங்க?" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் ஊர் தென்திருப்பேரை. அப்பா கணக்கு வாத்தியார். திருநெல்வேலியில் வேதியியல் படித்து முடித்த கையோடு இந்தக் கம்பெனியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது இது சாதாரண பிளாஸ்டிக் கவர் செய்கிற கம்பெனி. பிலிமின் கனத்தை அளப்பது, ஒட்டிய இடம் எவ்வளவு இழுத்தால் பிரிகிறது என்று பார்ப்பது, அச்சு மை கையில் ஒட்டுகிறதா என்று தேய்ப்பது. என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் இப்படியே போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கை நடுங்காமல் எடை போடவும், கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதவும் கற்றுக்கொண்டேன். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது இந்த இரண்டும்தான்.

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டபோது, எங்கள் எம்.டி. மரவள்ளி மாவிலிருந்து மக்கிப் போகிற பிலிம் செய்யலாம் என்று முடிவெடுத்தார். அதற்காக ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று ஏற்படுத்தி, ஐயம்பெருமாள் சாரைத் தலைவராக அழைத்து வந்தார்.

ஐயம்பெருமாள் சார் ஏரலுக்குப் பக்கத்தில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பத்துக்காரர். வடக்கே பெரிய ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு பிலிம் துண்டைக் கொண்டுபோனால் உடனே கையில் வாங்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைப்பார். பிறகுதான் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ஓரத்தைக் கொஞ்சமாகக் கிழித்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். கடைசியில் முகர்ந்து பார்ப்பார். பிடித்திருந்தால் "இருக்கட்டும்" என்பார். பிடிக்கவில்லை என்றாலும் "இருக்கட்டும்" என்பார். எது எந்த "இருக்கட்டும்" என்று எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு சொல்லை மட்டும் அவர் முன்னால் யாரும் சொல்ல முடியாது. அவர் வந்து சேர்ந்த புதிதில், "இந்தப் பிலிம் கொஞ்சம் பரவாயில்லைன்னு தோணுது சார்" என்று சொல்லிவிட்டேன்.

"தோணுதத வீட்டுல வச்சிட்டு வாம்மா. பாத்தத சொல்லு" என்றார்.

சோதனைக்கு வைக்கும் பாட்டில்களுக்கு அவரே எண் போடுவார். எதில் எந்தப் பிலிம் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அளக்கிறவருக்குத் தெரிந்தால் கை தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார். முதலில் எனக்கு இது அவமானமாக இருந்தது. பிறகு பெரிய நிம்மதியாகிவிட்டது. எந்த எண் வந்தாலும் நான் யாருக்கும் வேண்டியவள் இல்லை, வேண்டாதவளும் இல்லை.

மாவுப் பிலிமுக்கு முதல் பரீட்சை மக்ரூனில் வந்தது. முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற எங்கள் ஊர் மக்ரூனுக்கு ஈரம்தான் எமன். இந்த ஊரில் காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கிறது. எங்கள் பிலிமில் பொதிந்த மக்ரூனைப் பேக்கரி அண்ணாச்சி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நமுத்துல்லா போச்சு. வாயில போட்டா நொறுங்கணும், இது ஒட்டுது" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாவு தானே ஈரத்தை உறிஞ்சும். அதை எப்படித் தடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஐயம்பெருமாள் சார் ஒரு லோடு வாழை மரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். தார் வெட்டிய பிறகு வயலில் சாய்த்துப் போடுகிற மரங்கள். அவற்றிலிருந்து நாரை எடுத்து, சோடாக் காரத்தில் வேகவைத்து, கழுவி, வெளுத்து, கல் அரவையில் மறுபடி மறுபடி அரைத்தோம். நார் இழை இழையாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து, கடைசியில் மோர் போன்ற ஒரு குழம்பாக நின்றது. அதுதான் நானோ நார். மாவுக் கூழில் அதைக் கலந்து பிலிமாக இழுத்தால் உள்ளே அந்த இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஈரம் நேராக நுழைய வழியில்லாமல் சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதற்குள் மக்ரூன் விற்றுத் தீர்ந்துவிடும்.

இந்த முறை அண்ணாச்சி கடித்தபோது சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அவர் இன்னொன்றை எடுத்துக் கடித்தார். எங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

மக்ரூனுக்குச் சரி. ஆனால் ஈரப் பசையுள்ள பண்டத்தை வைத்தால் பிலிமிலேயே பூஞ்சை பூத்தது. மாவுதானே, அதற்கும் அது சாப்பாடு. இதற்குத் தீர்வாக வந்து சேர்ந்தவர்தான் டாக்டர் ஆன்டோ. சின்ன வயது, தூத்துக்குடிப் பையன், முனைவர் பட்டம் வாங்கிய சூட்டோடு வந்தவர். முருங்கை இலைச் சாற்றில் வெள்ளி உப்பைக் கரைத்து, வெள்ளியை நானோ துகள்களாகப் பிரித்தெடுக்கும் முறை அவருக்குக் கைவந்திருந்தது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெளிவாக இருக்கிற சாறு சூடாக ஆக மெல்ல மஞ்சளாகும், பிறகு தேநீர் நிறத்துக்கு வரும். அந்த நிறம் வந்துவிட்டால் உள்ளே துகள் பிறந்துவிட்டது என்று பொருள். ஆன்டோ ஒவ்வொரு முறையும் முதல் முறை பார்க்கிறவரைப்போல குடுவையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

வெள்ளித் துகள் கலந்த பிலிம் அருமையாக இருந்தது. இன்று ஜெனிபர் சொல்கிறாளே, அதே அருமை. பூஞ்சை அண்டவில்லை. தருவைகுளத்தில் மீன் பண்டங்கள் செய்கிற பெண்கள் குழு ஒன்றுக்கு நெத்திலிக் கருவாடு பொதிந்து பார்க்கச் சாம்பிள் அனுப்பினோம். அவர்கள் மேலும் வேண்டும் என்று கேட்டு ஆளனுப்பினார்கள், சாம்பிள் என்றே இன்னும் சில சுருள்கள் போயின. விற்பனை மேனேஜர் பாஸ்கர், "முழுக்க முழுக்கத் தாவரத்திலிருந்து" என்று அட்டையில் அச்சடிக்க வாசகமே எழுதிவிட்டார்.

அந்த வாசகத்தைப் படித்தபோது ஐயம்பெருமாள் சார் சொன்ன "இருக்கட்டும்" எந்த வகை என்பது எனக்குப் புரிந்தது. வாழை நார் வாழையிலிருந்தே வந்தது. வெள்ளி அப்படியில்லை. முருங்கைச் சாறு அதைத் துகளாக்கிக் கொடுத்ததே தவிர, வெள்ளி வெள்ளிதான். இலையில் செய்ததும் இலையிலிருந்து வந்ததும் ஒன்றல்ல.

இனி என் பங்கு வேலை. உணவைத் தொடுகிற எந்தப் பிலிமும் தன்னிடமிருந்து உணவுக்குள் எதை இறக்குகிறது என்று பார்த்தாக வேண்டும். பிலிமைச் சதுரமாக வெட்டி, விரல் படாமல் இடுக்கியால் எடுத்து, கண்ணாடி பாட்டில்களில் போடுவோம். உணவுக்குப் பதிலாக ஒரு பாட்டிலில் சுத்தத் தண்ணீர், ஒன்றில் நீர்த்த வினிகர், ஒன்றில் நீர்த்த சாராயம், ஒன்றில் எண்ணெய். தண்ணீர் சாதாரணப் பண்டங்களுக்கு, வினிகர் புளிப்புக்கு, சாராயம் மது கலந்த பண்டங்களுக்கு, எண்ணெய் கொழுப்புக்கு. பக்கத்திலேயே பிலிம் போடாத வெறும் பாட்டில்களும் நிற்கும், பாட்டிலிலிருந்தே ஏதும் இறங்கியிருந்தால் தெரிய வேண்டுமே. எல்லாவற்றையும் மூடி, விதியில் சொன்ன நாள் வரை வெதுவெதுப்பான பெட்டியில் வைப்போம். பிறகு பிலிமை வெளியே எடுத்துவிட்டு, அந்தத் திரவத்தை மட்டும் சோதிப்போம். உலோகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்க்கும் கருவி எங்களிடம் அப்போது இல்லை. சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

முடிவு வந்தது. சார் எண்களைப் பிரித்துச் சொன்னார். தண்ணீரில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். சாராயத்திலும் எண்ணெயிலும் அப்படியே. வினிகரில் மட்டும் வெள்ளி அனுமதித்த அளவைத் தாண்டி இறங்கியிருந்தது. அளவில் பெரிய மீறல் இல்லை, ஆனால் மீறல்தான். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். இந்த முறை வெட்டியதும் ஊற்றியதும் வேறு கைகள். அதே முடிவு.

எம்.டி. அறையில் கூடினோம். பாஸ்கர் நிதானமாகப் பேசினார். குழு பொதியப் போவது கருவாடு, கருவாட்டில் ஏது புளிப்பு, உலர்ந்த பண்டத்துக்கு மட்டும் என்று அச்சடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, சான்றிதழையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடலாமே என்றார். ஆன்டோவும் அதையே சொன்னார். அவர் குரலில் தந்திரம் இல்லை. தன் பிலிமை நம்பினார், அவ்வளவுதான். எம்.டி. என்னைப் பார்த்தார். சோதனைச் சான்றிதழில் என் கையெழுத்து இல்லாமல் சரக்கு வெளியே போகாது.

பாஸ்கர் சொன்னதில் தப்பு என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. கருவாட்டுக்கு அந்தப் பிலிம் தாங்கும், என் சோதனையே அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் ஒரு பொருள் ஆலையை விட்டுப் போன பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஆன்டோவும் கூட வரட்டும் என்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனி ஜீப்பில் தருவைகுளம் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான கூடத்தில் குழுவின் வேலை நடந்தது. தலைவி செல்வமேரிக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் கடலுக்குப் போகிறவர். குழுவைத் தொடங்கியதும் கடைகளில் பேசி இடம் பிடித்ததும் இந்த அம்மாள்தான். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், சென்னையில் ஒரு பெரிய கடைக்கு அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளைக் காட்டினார்.

பெட்டிகளில் கருவாடு கொஞ்சம்தான் இருந்தது. மீதி எல்லாம் சூரை மீன் ஊறுகாய். வினிகரும் புளியும் மிளகாயும் போட்டுப் பிசைந்து, எங்கள் பிலிமில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அடுக்கியிருந்தார்கள்.

"பாத்தியளா மேடம், மத்த கவர்ல மேல பூஞ்சை வந்துரும். ஒங்க கவர்ல ஒண்ணுமே வரல. அதான் ஊறுகாயையும் இதுலயே போட்டுட்டோம்" என்றார் செல்வமேரி.

ஆன்டோ ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நாளாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள், ஏற்கெனவே ஏதும் வெளியே போயிற்றா என்று நான் கேட்டேன். இன்னும் எதுவும் போகவில்லை, வேன் மறுநாள் வருகிறது என்றார் செல்வமேரி.

அங்கேயே சொல்லிவிடலாமா, கம்பெனியில் பேசிவிட்டு வந்து சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். வேன் நாளைக்கு வருகிறது. அங்கேயே சொன்னேன். இந்தப் பிலிமிலிருந்து புளிப்புப் பண்டத்துக்குள் வெள்ளி இறங்குகிறது, அனுமதித்த அளவுக்குக் கொஞ்சம் மேலே, ஆகவே இந்த ஊறுகாய் போகக் கூடாது என்றேன். கூடத்தில் பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். செல்வமேரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் அதற்குள் சிரிப்பு இல்லை.

"இத நீங்க வந்து சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"கடைக்காரனுக்கு?"

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

செல்வமேரி பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "புதுசா கவர் செஞ்சியள்னா, அப்பவும் நீங்களே வந்துதான் சொல்லணும். வேற ஆள் வந்தா நான் வாங்க மாட்டேன்" என்றார்.

திரும்பும் வழியில் உப்பளங்களைத் தாண்டும்போது ஆன்டோ, "ரிப்போர்ட்ட நானே எழுதுதேன் மேடம். என் பிலிம், நான்தான் எழுதணும்" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று பல மடங்கானது.

எம்.டி. அறையில் மறுபடி கூடினோம். பார்த்ததைச் சொன்னேன். உலர்ந்த பண்டத்துக்கு மட்டும் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தாலும், பூஞ்சை பிடிக்காத கவரில் ஈரப் பண்டத்தைத்தான் வைப்பார்கள், அதற்குத்தான் அது நல்ல கவர் என்றேன். பாஸ்கர் மீறல் சின்னதுதானே என்று திரும்பவும் ஆரம்பித்தார். ஐயம்பெருமாள் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேதவல்லி, உறுதியா சொல்லுதியா, இல்ல தோணுதா?"

"உறுதியாச் சொல்றேன் சார். ரெண்டு தடவை, ரெண்டு பேர் கையில. நேரில போயும் பார்த்துட்டேன்."

அவர் எம்.டி.யைப் பார்த்து, "நிறுத்திருவோம்" என்றார். எம்.டி.யும் சரி என்றார். மறுத்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

மறுநாள் வந்த வேனைச் செல்வமேரி காத்திருக்க வைத்தார். பிலிமில் கட்டியிருந்த ஊறுகாயை முழுக்க ஒதுக்கிவிட்டு, பானையில் மிச்சமிருந்ததைக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று. வீணானதற்குக் கம்பெனி பொறுப்பேற்றது. ஆள் போதாது என்று ஆய்வகத்திலிருந்து நாங்களும் போனோம். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாதவள் நான். கையுறை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை சூரை மீன் ஊறுகாயைக் கரண்டியால் மொண்டு மொண்டு போட்டேன். வீட்டு வாசலில் ஏறும்போதே என் கணவருக்கு வாசனை தட்டிவிட்டது. என்ன ஏதென்று கேட்டார். சொன்னேன். "சரி, பின்பக்கமா போய் தீர்த்தமாடிட்டு வா. நான் சாதம் வடிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

வெள்ளி போயிற்று, பூஞ்சை திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் ஆன்டோ, வாழை நாரை வேகவைத்த கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனவர்களைத் தடுத்து, ஒரு வாளி எடுத்து வைக்கச் சொன்னார். நாரைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் பசைதான் அந்தக் கறுப்பு. மரத்தை மரமாக நிமிர்த்தி நிறுத்துவதும் அதுதான், மரத்தைப் பூஞ்சையிலிருந்து ஓரளவு காப்பதும் அதுதான். லிக்னின் என்று பெயர். அந்தத் தண்ணீரில் துளித் துளியாக அமிலம் விட்டு அந்தப் பசையை நானோ துகளாக இறக்க முடியுமா என்று பார்த்தார். நாங்கள் இத்தனை காலம் கொட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

உடனே கைகூடவில்லை. முதலில் துகள்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொண்டன. அடுத்து அமிலம் பிலிமிலேயே தங்கிவிட்டது, கழுவித் தீரவில்லை. இந்த ஊரில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். கழுவிய நீரையே வடிகட்டி மறுபடி கழுவ ஒரு வழி கண்டுபிடித்தார் ஆன்டோ. பிலிம் வெளிர் பழுப்பாக வந்தது. பாஸ்கருக்கு நிறம் பிடிக்கவில்லை. பூஞ்சையைத் தடுத்தது, ஆனால் வெள்ளி தடுத்த அளவுக்கு இல்லை. வெள்ளிப் பிலிமில் இருந்த ஊறுகாயைவிட இதில் இருக்கும் ஊறுகாய் சீக்கிரம் கெட்டுவிடும். அட்டையில் அதற்கேற்ற நாளைத்தான் போடுவோம், கூட்டிப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

தாவரத்திலிருந்தே வந்தது என்பதற்காக அதற்குச் சோதனையில் சலுகை காட்டவில்லை. அதே இடுக்கி, அதே நாலு திரவம், அதே வெதுவெதுப்பான பெட்டி. ஐயம்பெருமாள் சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். பாட்டில்களுக்கு எண் போட மட்டும் அழைத்தேன், ஏரலிலிருந்து பஸ் பிடித்து வந்தார். வினிகர் பாட்டிலின் எண்ணை அவர் பிரித்துச் சொன்னபோது ஆன்டோ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இறங்கியிருந்தது அனுமதித்த அளவில் சிறு பங்குதான். மறுபடி செய்தோம், வேறு கைகளால். மறுபடியும் அப்படியே. சார் பிலிமை வாங்கி, ஓரத்தைக் கிழித்து, முகர்ந்து, "நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிலிம் சுருளோடு நானே தருவைகுளம் போனேன். எதில் எவ்வளவு இறங்குகிறது, எத்தனை நாள் தாங்கும், எதற்குத் தாங்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். செல்வமேரி குறுக்கே பேசாமல் கேட்டார். நாள் குறைவாக இருக்கிறதே என்று ஒரு பெண் முனகியதற்கு, "கெடுக முன்ன வித்துருவோம்ளா" என்று அவரே பதில் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் செல்வமேரி ஆலைக்கு வந்தார். கையில் ஒரே ஒரு பொட்டலம். புது பிலிமில் கட்டிய முதல் பொட்டலம் என்றார்.

"நீங்க மீன் தொட மாட்டியன்னு தெரியும். ஒங்களுக்குன்னு எலுமிச்சம்பழம் போட்டு கொண்டாந்தேன்" என்று மேசையில் வைத்தார்.

ஆய்வகத்துக்குள் சாப்பிடக் கூடாது என்பது நானே போட்ட விதி. மதியம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, ஆன்டோவின் இலையில் பாதியும் என் இலையில் பாதியும் வைத்தேன். தயிர் சாதத்தோடு இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல். புளிப்பு நன்றாக ஏறியிருந்தது.